அம்பாசிடருக்கு வைத்த மோட்டார்

செல்லப்பாண்டியின் வலது கை காது வரைக்கும்தான் ஏறும். அதற்கு மேல் தூக்கினால் தோளுக்குள் யாரோ கோணி ஊசியை விட்டுத் திருகுவது போலிருக்கும். காலையில் சட்டை மாட்டிவிடுவதுகூட அவர் மனைவி மாயக்காள்தான். "பேரனுக்கு மாட்டி முடிச்சா தாத்தனுக்கு மாட்டணும். என் பொழப்பு சட்டையிலேயே போகுது" என்பாள்.

அந்தத் தோளைத் தின்றது உத்தமபாளையம் ஹக்கீம் முதலாளி வீட்டு அம்பாசிடர். இருபத்தேழு வருஷமாக வாரம் இரண்டு தடவை, முதலாளியைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கூடலூர் தாண்டி, குமுளி மலையேறி, ஏலத் தோட்டத்துக்குப் போய் வருகிறார். அந்தக் காலத்து வண்டி. கொண்டை ஊசி வளைவில் அதன் ஸ்டீயரிங்கைத் திருப்ப, சீட்டை விட்டு அரை அடி எழும்பி, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். வளைவு முடிந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்துக் கையைத் தளர்த்திவிடுவார். ஸ்டீயரிங் உள்ளங்கைக்குள் சர்ரென்று வழுக்கிக்கொண்டு தானாகவே நேராகிவிடும். அதை ரிட்டன் என்பார்கள் டிரைவர்கள். இரண்டு விநாடி. தோளுக்கு மலை கொடுக்கிற ஓய்வு அவ்வளவுதான். அந்த இரண்டு விநாடியை நம்பித்தான் அடுத்த வளைவுக்குப் போவார்.

"சவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. இனிமே பாரமான வண்டி ஓட்டாதீங்க" என்றார் தேனி டாக்டர்.

ஓட்டாமல்? அந்தப் பக்கத்தில் வேறு வேலை என்றால் திராட்சைப் பந்தல்தான். நாள் பூராவும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கவாத்து வெட்ட வேண்டும், குலை அறுக்க வேண்டும். காதோடு நின்றுவிடுகிற கையை வைத்துக்கொண்டு பந்தலுக்கடியில் நின்றால் இலையைத்தான் எண்ணலாம்.

அதனால் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தேனியில் மதன்குமார் என்கிற மெக்கானிக் பழைய கார்களுக்குக் கரண்டில் ஓடுகிற பவர் ஸ்டீயரிங் வைத்துத் தருகிறான், நம் வண்டிக்கும் வைப்போம் என்று.

"எங்க அத்தா ஓட்டுன வண்டிப்பா" என்று தன் தகப்பனாரைச் சொல்வார் முதலாளி. "ஒரு போல்ட்ட மாத்துனாலும் அவுக மொகத்துல எப்படி முழிக்கிறது?"

"அவுக மவுத்தாகிப் பதினஞ்சு வருஷமாச்சே மொதலாளி."

"அதான்ப்பா. மேல போயி முழிக்கணும்ல?"

அப்படிப்பட்டவர், இந்த நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம் தானாகவே கூப்பிட்டுச் சொன்னார். "வண்டியத் தேனிக்குக் கொண்டு போ. நீ கேட்டத வச்சுருவோம்."

மாயக்காள் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

வேலை ஆறு நாள் நடந்தது. மதன்குமார் ஸ்டீயரிங் தண்டை நடுவில் அறுத்து, உடைசலுக்கு வந்த ஒரு சின்னக் காரின் மோட்டாரை அதில் கோத்துப் பற்றவைத்தான். பழைய டைனமோவுக்குக் கரண்டு பத்தாது என்று ஆல்டர்னேட்டர் மாட்டினான். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு திருகு வைத்தான். திருகினால் ஸ்டீயரிங் இன்னும் லேசாகும். ஆறு நாளும் செல்லப்பாண்டி வீட்டுக்குப் போனது தூங்கத்தான். எங்கே வெட்டினால் கால் இடிக்காது, எந்த இடத்தில் சேசிஸ் பலம் என்று அவர்தான் காட்டிக் கொடுத்தார். மோட்டாரை அடியிலிருந்து தாங்கிப் பிடித்ததும் அவர்தான். இடது கையால்.

ஆறாம் நாள் முதலாளியோடு அவர் மகள் அப்ரினும் வந்தாள். கோயம்புத்தூரில் படிப்பு முடித்து, டிரைவிங் ஸ்கூலில் லைசென்சும் எடுத்துவிட்டு வந்திருந்தாள். ஏறி உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் ஸ்டீயரிங்கைச் சுற்றினாள்.

"அத்தா! ஒத்த வெரல்ல சுத்துது! இனிமே நானே ஓட்டிருவேன். இல்லண்ணே?"

"ஓட்டலாம் பாப்பா" என்று செல்லப்பாண்டியும் சிரித்தார். முதலாளி தன் மகளைப் பார்த்த பார்வையில், சிரிப்பு பாதியில் நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. வீட்டில் சோற்றில் கை வைக்கும்போது வந்தது.

மறுநாள் மலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். ஸ்டீயரிங்கில் செல்லப்பாண்டி, பக்கத்தில் மதன்குமார், பின்னால் அப்பாவும் மகளும். முதல் நாலு வளைவிலும் புதுப் பாத்திரத்தைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். சீட்டை விட்டு எழும்ப வேண்டியிருக்கவில்லை. தோள் வலிக்கவே இல்லை. இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம் என்று தோன்றியது. கண் கலங்கியதை மதன்குமார் பார்க்காமலிருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வலி போனதும் கைக்குப் பழசெல்லாம் திரும்பிவிட்டது. இரைச்சல் பாலத்துக்கு மேலே வலப்பக்க வளைவு. திருப்பினார், ஆக்ஸிலேட்டரை மிதித்தார், உள்ளங்கையைத் தளர்த்திக்கொண்டு இடது கையைக் கியருக்குக் கொண்டுபோனார்.

ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை. ஒடித்த இடத்திலேயே நின்றது. வண்டி வலப்பக்கமாகவே சுற்றி எதிர்ச்சாரிக்குப் போனது. மேலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று அலறிக்கொண்டு ஒதுங்கியது. செல்லப்பாண்டி பிரேக்கை மிதிப்பதற்குள் வலது மட்கார்டு தடுப்புச் சுவரில் உரசி, ஹெட்லைட் நொறுங்கி நின்றது.

"ஏலே பெருசு, தூங்குறதுனா வீட்டுல போய்த் தூங்கு!" என்று கத்திவிட்டு ஜீப்காரன் போனான்.

யாருக்கும் அடியில்லை. எல்லோரும் இறங்கி நின்றார்கள்.

"ரிட்டன் வரலப்பா" என்றார் செல்லப்பாண்டி, மதன்குமாரிடம். "வராதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லலையே."

"மோட்டார் வச்சா ரிட்டன் மந்தமாத்தாண்ணே இருக்கும். நாமதான் திருப்பிக் கொண்டாரணும். நீங்க கைய விடுவீகன்னு நான் என்ன கனவா கண்டேன்?"

முதலாளியின் காதில் கடைசிப் பேச்சு மட்டும்தான் விழுந்தது. "கைய விட்டியா, விடலையா? அத மட்டும் சொல்லு."

"விட்டேன் மொதலாளி. எப்பவும் விடுறதுதான்..."

"எப்பவுமா?"

முதலாளி ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"இருபத்தேழு வருஷமா எங்க குடும்பத்தையே பின்னால உக்கார வச்சுக்கிட்டு, கைய விட்டா ஓட்டிருக்க? எங்க அத்தாவையும் அப்படித்தான் கூட்டிப் போனியா?"

அந்த இருபத்தேழு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது என்று சொல்லலாம். அந்தக் கீறல் இப்போது எதிரிலேயே, கையகலத்துக்குக் கிடக்கிறது.

"அத்தா, விடுங்க. வயசாகுதுல்ல" என்றாள் அப்ரின். அவள் பரிந்துதான் பேசினாள். ஆனால் முதலாளி திட்டியதைவிட அதுதான் ஆழமாக இறங்கியது.

வண்டி சரியாகி வந்த மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். சாவி அப்ரின் கையில் இருந்தது. "பாப்பாவுக்கு மலை புதுசு. நீ பக்கத்துல உக்காந்து வழி சொல்லு" என்றார் முதலாளி. அந்த வண்டியில் செல்லப்பாண்டி முன்சீட்டின் இடது பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்தார். ஒரே ஒரு இடத்தில் ஸ்டீயரிங் சிக்கட்டும், அவள் திடுக்கிடட்டும், பின்னாலிருக்கிற முதலாளி பார்க்கட்டும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒடித்ததை இரண்டு கையாலும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள், டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்த மாதிரி. கையை விட்டால் ஸ்டீயரிங் தானாக வரும் என்பதே அவளுக்குத் தெரியாது. தெரியாததால் விடவும் மாட்டாள். நூறு தடவை ஏறி இறங்கினாலும் மாட்டாள். இந்த வண்டி இனி தெரிந்தவனைத்தான் மோதவிடும்.

இரைச்சல் பாலம் தாண்டிய வளைவில், தடுப்புச் சுவரில் வண்டியின் வெள்ளைப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. இங்கே மட்டும் இவளுக்குக் கை வழுக்கட்டும் என்று நினைத்தார். தானும் அதே வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கம் வரவில்லை. வராததுதான் பயமாக இருந்தது.

அவள் அலுங்காமல் திரும்பினாள். வளைவு முடிந்த நொடியில், மடியில் கிடந்த செல்லப்பாண்டியின் வலது உள்ளங்கை தானாகத் தளர்ந்து விரிந்தது.

"பாத்தியா செல்லப்பாண்டி, எம்புட்டு லேசுன்னு" என்றார் பின்னாலிருந்து முதலாளி.

"பாத்தேன் மொதலாளி."

"ஒன்ன நான் கைவிட்டுருவனா? ராயப்பன்பட்டிப் பந்தல்ல கவாத்துக்கு ஆளு பத்தல. வெள்ளிக்கிழமையில இருந்து அங்கன போயிரு. நெழல்ல வேல. மலையுமில்ல, வண்டியுமில்ல."

செல்லப்பாண்டி மடியிலிருந்த வலது கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சு, கழுத்து, காது. அங்கே நின்றுகொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை ஏற்றப் பார்த்தார். ஏறவில்லை. கை காதோரமே நின்றது.

பின்னாலிருந்து பார்த்த முதலாளிக்கு அது சலாம் வைப்பது போல இருந்திருக்க வேண்டும்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.