ஹனோயில் ஒரு டயர் வெடித்தது

ஹனோய் ஏரி நீலமாகவே இல்லை. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில், ஆகஸ்ட் மாதத் தாளுக்கு அந்த ஏரிப் படத்தை வைத்து, கம்ப்யூட்டரில் நீலத்தைக் கூட்டியவளே ரோஜாதான். பார்த்துப் பார்த்தே ஆசை முற்றிப்போய், காலண்டர் சீசன் முடிந்த கையோடு ஐந்து நாள் லீவு போட்டு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியாக வியட்நாமுக்கு விமானம் ஏறினாள். வந்து பார்த்தால் ஜனவரிப் பனியில் ஏரி கழுநீர்த் தொட்டி நிறத்தில் கிடந்தது. தன் கைவேலையில் தானே ஏமாந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தலைநகரம் என்றால் விறைப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இங்கேயோ நடைபாதை முழுக்க முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல்கள். அதில் குந்தி ஊரே காபி குடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் ஜோடி ஜோடியாக, கும்பல் கும்பலாக. இரண்டு நாளாக அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஊரான அச்சங்குளத்தில் தெருமுனை தாண்டுவதற்குள் நாலு பேர், "எங்கன கெளம்பிட்டே?" என்று உயிரை எடுப்பார்கள். அந்தக் கேள்விக்கு இப்படி ஏங்கிப்போவாள் என்று யார் கண்டது?

மூன்றாம் நாள் மதியம் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, மறுநாளே ஊர் திரும்ப டிக்கெட்டை மாற்றலாம் என்று ஃபோனை எடுத்தாள். அப்போதுதான் டமார் என்று அந்தச் சத்தம் கேட்டது.

செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். கூரைகளுக்கு மேலே எந்தப் பக்கம் புகை கிளம்புகிறது என்று அண்ணாந்து தேடினாள். அச்சங்குளத்தில் சத்தம் கேட்டால் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். புகை எந்தப் பட்டாசு ஆலைப் பக்கம் என்று தெரிந்தால்தான், அழுகை யார் வீட்டில் என்று தெரியும்.

இங்கே எதிரில் ஒரு லாரியின் டயர் கிழிந்து தொங்கியது. அவ்வளவுதான்.

கண்ணால் பார்த்த பிறகும் மனசு கேட்கவில்லை. அம்மா சண்முகத்தாய்க்கு ஃபோன் அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். அம்மா வேலை பார்க்கும் பட்டாசு ஆலைக்குள் ஃபோன் ஆகாது. வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். ஒரு மணிச் சாப்பாட்டுக்குத்தான் கையில் கிடைக்கும். அங்கே ஒரு மணி என்றால் இங்கே இரண்டரை; அதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதுவரை திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே வெறுங்காலோடு அங்கேயே நின்றாள்.

ஃபோன் வந்தது.

"என்ன புள்ள, எட்டுத் தடவ கூப்ட்டிருக்கே?"

"ஒண்ணுமில்லம்மா. இங்கன ஒரு டயர் வெடிச்சுச்சு."

"வெளிய ஓடியாந்து பாத்தியாக்கும்?"

"நான் மட்டுந்தாம்மா ஓடியாந்தேன். ஒருத்தரும் எந்திரிக்கல. எனக்கு இங்கன பிடிக்கலம்மா. பேச ஒரு நாதியில்ல. நாளைக்கே வந்துர்றேன்."

"சத்தம் கேட்டும் ஒருத்தரும் எந்திரிக்கலயா?"

"காபியக்கூடக் கீள வைக்கல."

"அம்புட்டுப் பேரும் உக்காந்தேவா இருந்தாக?"

"ஆமாம்மா."

அந்தப் பக்கம் தூக்குவாளியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"வந்துராத புள்ள," என்றாள் சண்முகத்தாய். "மிச்சம் ரெண்டு நாளு இருக்குல்ல. எனக்கும் சேத்து அங்கன உக்காந்துட்டு வா."