எந்தச் செடியில் காரம்

மாடியில் அறுபது தொட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே வகைக் குண்டு மிளகாய். கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். காரம் மண்டைக்கு ஏறும். தையல்காரரின் மனைவி அதை உப்புப் போட்டு, கண்ணாடி ஜாடிகளில் ஆறு வாரம் புளிக்கவிட்டு, பூண்டும் வினிகரும் சேர்த்து அரைத்து, துணியில் வடிகட்டிச் சாஸ் செய்வாள். தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் மேஜைக்கு மேஜை அவள் பாட்டில்தான். ஒவ்வொரு வருஷமும் விதையையும் அவளே எடுத்துவைப்பாள்.

அந்த வருஷம் முதல் ஜாடியைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தவள் திகைத்துப் போனாள்.

“என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க.”

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து விரலால் தொட்டு நக்கினார். “ஜாம் மாதிரில்ல இருக்கு!”

இருவரும் பழங்களை எடுத்துக்கொண்டு விதைக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு மூன்றை நறுக்கிப் பார்த்தார்.

“பக்கத்துல யாராவது காரமில்லாத ஜாதி வெச்சிருக்காங்களா? தேனீ மகரந்தத்தைக் கலந்துவிட்டிருக்கும். போன வருஷமே கொஞ்சம் காரம் குறைஞ்சிருக்குமே?”

குறைந்துதான் இருந்தது. மழை ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

“இப்ப சில செடி காரமா இருக்கும், சிலது சப்புன்னு இருக்கும். கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது, கடிச்சுத்தான் பார்க்கணும். காரமான செடியோட விதையையும் இனிமே நம்ப முடியாதும்மா. பழைய விதை ஏதாவது மிச்சம் இருக்கா?”

இல்லை. முதல் விதையைக் கொடுத்த வாடிக்கையாளர் ஊரைவிட்டுப் போய்ப் பல வருஷமாகிவிட்டது.

மறுநாள் காலை செடிக்கு ஒரு பழமாகக் கடிக்க ஆரம்பித்தார்கள். காரமான செடிக்குச் சிவப்பு நூல் கட்டுவதாக ஏற்பாடு. முதல் மூன்றும் சப்பென்று இருந்தன. நான்காவது தையல்காரரைத் தரையில் உட்காரவைத்தது. அதற்குப் பிறகு எதைக் கடித்தாலும் எரிந்தது. ஒரு செம்பு பால் குடித்தும் அடங்கவில்லை.

“இது காரமா, இல்லையா?”

“என்னைக் கேக்காதே. எனக்கு உதடு இருக்கான்னே தெரியலை.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து செடிக்கு மேல் முடியவில்லை. அதற்குள் மற்றச் செடிகளில் பழங்கள் கனிந்து அழுகி உதிர்ந்தன.

காரமில்லாத மிளகாய் வைத்திருந்தவர் பக்கத்து மாடி லாரி டிரைவர்; வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் தையல்காரர் கைப்பிடிச் சுவரருகே போனார். டிரைவர் அவரைக் கண்டதும் மிளகாய் நிறைந்த ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

“எடுத்துக்கோ தம்பி. என் பொண்ணு அனுப்பின விதை. வயித்துல பாதியை வெட்டி எடுத்ததுலேர்ந்து காரம் தொடக்கூடாதுன்னுட்டாங்க. இதுல மிளகாய் வாசனை மட்டும் இருக்கும். இது வந்தப்புறம்தான் எனக்குச் சாப்பாடே இறங்குது.”

பின்னால் வந்த மனைவிதான் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். நீட்டிய கிண்ணத்தை டிரைவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் கதவு தட்டப்பட்டது. டிரைவர் மூச்சிரைக்க நின்றார். காலடியில் பூவும் பிஞ்சுமாக அவருடைய செடிகள் அத்தனையும் வேரோடு கிடந்தன.

“எல்லாத்தையும் பிடுங்கிட்டேம்மா. இனிமே கலக்காது இல்ல?”

கலந்தது கலந்ததுதான் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“கலக்காதுண்ணே,” என்றாள்.

அறுபதில் பதினொரு செடிக்குத்தான் நூல் கட்ட முடிந்தது. இரண்டே ஜாடி சாஸ். சாப்பாட்டுக் கடைக்காரர் ருசி பார்த்துவிட்டு, “பழைய காரம் எங்கம்மா?” என்றார். “இந்த வருஷம் இவ்வளவுதாங்க,” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சப்பென்றிருந்த பழங்களைக் கூடையில் போட்டு டிரைவரிடம் கொண்டுபோனாள். அவர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையிலேயே வைத்தார்.

“வேணாம்மா. இதுல ஒண்ணு ஏமாத்தினாலும் எனக்கு ஆஸ்பத்திரிதான்.”

அவருடைய மாடியில் காலித் தொட்டிகள் வரிசையாக நின்றன. “மறுபடியும் போடுங்கண்ணே,” என்று எவ்வளவோ சொன்னாள். அவர் கேட்கவில்லை.

அடுத்த விதைப்புக்கு அவளிடம் வேறு விதை இல்லை. அந்தப் பதினொரு செடிகளின் விதையையே ஊன்றினாள். எல்லாம் முளைத்தன, ஒன்றுகூடப் பழுதில்லை. தையல்காரர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். எல்லா இலையும் ஒரே மாதிரிதான் இருந்தது.