அளவு பத்தாத மீன்

சோப்புத் தொழிற்சாலையில் அவருக்குத் தராசு என்று பெயர். ஓடும் பட்டையில் வரிசையாக வரும் சோப்புகளில் எடை குறைந்தது எது, ஓரம் உடைந்தது எது என்று கை பட்டதுமே சொல்லிவிடுவார். சொல்லி முடிப்பதற்குள் இடது கை அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் இருக்கும் கழிவுத் தொட்டியில் வீசியிருக்கும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்தக் கையைப் பற்றி அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. பெயர் வைத்தவர்கள் பாராட்டித்தான் வைத்தார்கள் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார், பாவம்.

வீட்டிலும் அதே வேலைதான். சாப்பாட்டில் உப்பு சரியில்லை, சட்டையில் மடிப்பு சரியில்லை, மைத்துனன் சிரிக்கிற சிரிப்பு சரியில்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, மகளைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், அவள் கண்முன்னால் உட்கார்ந்து, குழந்தையைக் கொஞ்சிவிட்டு வரலாம். அது போதாது, நாள் முழுக்கத் தன்னோடு அனுப்ப வேண்டும் என்று நச்சரித்தார். கடைசியில் அவள் இறங்கி வந்தாள்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்க. திரும்பி வந்ததும் மறுபடியும் போறேன்னு அவளே சொல்லட்டும், வாராவாரம் அனுப்பறேன். சொல்லலேன்னா இந்தப் பேச்சை அதோட விட்டுடணும்."

"சொல்லாம எங்க போயிடுவா? நான் பெத்த பொண்ணு," என்றார் தராசு. பெற்றது யார் என்று அவள் வாதாடவில்லை.

ஐந்து வயதுக் குழந்தையை எங்கே கூட்டிப்போவது? பூங்கா இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. இந்த மேதாவிக்குத் தோன்றியதோ ஏரிக்கரை. பிள்ளைக்குப் பொறுமை கற்றுத்தர வேண்டுமாம், அதற்குத் தூண்டிலைப் போல ஒரு வாத்தியார் கிடையாதாம். சொல்கிறவர் யார் என்று பார்க்க வேண்டாமா? லிஃப்ட் கீழே வருவதற்குள் பொத்தானை உடைந்துபோகும் அளவுக்குக் குத்துகிற மனிதர்.

கரையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மகளை உட்காரவைத்தார். "ஆடக் கூடாது, பேசக் கூடாது. கண்ணு தக்கை மேலயே இருக்கணும். அது முங்கினா மீன் கடிக்குதுன்னு அர்த்தம்."

தக்கை தண்ணீரில் நிலைகொள்வதற்குள் தூண்டிலைத் தூக்கினார். முள்ளில் புழு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மறுபடி போட்டார், மறுபடி தூக்கினார். பட்டையில் வருகிற சோப்பா அது, எடுத்து எடுத்துப் பார்க்க?

"அப்பா, மீன் பக்கத்துல வர்றப்ப நீங்க எடுத்துடறீங்க," என்றாள் மகள்.

"உனக்கென்ன தெரியும்? சோதிச்சுப் பாக்கணும்."

இடத்தை மாற்றினார், புழுவை மாற்றினார், ஏரியையே குறை சொன்னார். எதுவும் கடிக்கவில்லை. கடைசியில் கால் மரத்துவிட்டது என்று ஒரு சாக்குச் சொல்லி, கோலை மகளிடம் கொடுத்துவிட்டுக் கரையோரம் உலாத்தப் போனார்.

குழந்தை உட்கார்ந்தாள். மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தபோதும் ஊதித்தான் விரட்டினாள், கையை எடுக்கவில்லை. வெயில் ஏறி முழங்காலைச் சுட்டது. தக்கை லேசாக ஆடியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முங்கியபோது இரண்டு கையாலும் கோலைத் தூக்கினாள். விரல் நீளத்தில் ஒரு மீன், துள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது.

கத்தவில்லை. பேசக் கூடாது என்றல்லவா உத்தரவு? மீன் வந்த பிறகு பேசலாமோ என்னவோ என்ற சந்தேகத்தோடு, "அப்பா," என்று மெல்லக் கூப்பிட்டாள்.

ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தராசு அந்த மீனைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றினார். உள்ளங்கையில் வைத்தார். "அளவு பத்தாது," என்று வாய் சொல்லி முடிப்பதற்குள், இடது கை அதை முதுகுக்குப் பின்னால் வீசிவிட்டது. ஏரியில் 'டொப்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் அவரே திரும்பிப் பார்த்தார்.

மகள் அதற்குள் வாளியை நிமிர்த்தி, மீனை வாங்கிக்கொள்ள இரண்டு கையாலும் ஏந்தி நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட காட்டணும்," என்றாள்.

தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. "ரொம்பச் சின்னதும்மா. இன்னும் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பிடிச்சுக்கலாம்."

குழந்தை அழவில்லை. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பார்த்தாயா, ஒரே நாளில் பொறுமை வந்துவிட்டது என்று தராசு பூரித்துப்போனார். இப்படியும் ஒரு மனிதர். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய தூண்டிலாக வாங்கலாமா என்றுகூட யோசித்துக்கொண்டே நடந்தார்.

மேல் மாடியில் மனைவி கதவைத் திறந்தாள். மகளின் சிவந்த முகத்தையும் காலி வாளியையும் பார்த்தாள்.

"அடுத்த வாரமும் அப்பாகூடப் போறியாடா?"

மகள் திரும்பினாள். அப்பாவை நிதானமாகக் கால் முதல் தலை வரைக்கும் பார்த்தாள்.

"அப்பா இன்னும் கொஞ்சம் வளரட்டும்மா. அப்புறம் போறேன்."

கோபமாகச் சொல்லவில்லை, அவர் சொன்னதுபோலவே தன்மையாகத்தான் சொன்னாள். மனைவி சிரிக்கவில்லை. அது அவருக்கு இன்னும் உறைத்தது. வாதாட வாயைத் திறந்தார். எதைச் சொல்லி வாதாடுவது? தீர்ப்பு அவருடையதுதான்.

கதவு மூடியது. லிஃப்ட் பொத்தானை ஒரே ஒரு முறை அமுக்கிவிட்டு, அது வரும்வரை நின்றார். இனி எங்கே போக அவசரம்.