காற்றில் ஆடும் இரும்புச் சட்டம்

மூன்று வாரம் என்று சொல்லிவிட்டு வந்தவன் பாலகோபால். வந்து பதினாலு மாதம் ஆகிவிட்டது. 1998 ஜூலையில் அப்பா கோவிந்தராஜுலு பக்கவாதத்தில் விழுந்தார். கோயமுத்தூரில் இருந்த பம்ப் தொழிற்சாலை இவன் தலையில் விழுந்தது.

அமெரிக்காவில் அவன் பார்த்த வேலையே வேறு. முப்பது மீட்டர் அகலக் கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி கட்ட முடியுமா என்று ஐந்து பேர் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பெரிய கண்ணாடியை ஒரே துண்டாக வார்க்க முடியாது. எழுநூறு அறுகோணத் துண்டுகளைச் சேர்த்துப் பதிக்கவேண்டும். அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம் பாலகோபாலின் பொறுப்பு. அவன் இடத்தை இன்னும் காலியாகவே வைத்திருந்தார்கள்.

போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். டிக்கெட் பேச்சை எடுத்தாலே அம்மா பங்காரம்மா, "போயிட்டு வா கண்ணு, நாங்க எப்படியோ பாத்துக்கறோம்" என்பாள். பேச்சு வராத அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். பாலகோபால் பயணத்தைத் தள்ளிப்போடுவான்.

ஒரு நாள் காலை, சோதனைக்கு ஏற்றிய பம்ப் தடதடவென்று அதிர்ந்தது. ஃபோர்மேன் நஞ்சுண்டன் குனிந்து கைவைத்துப் பார்த்தார்.

"பம்புல கோளாறு இல்லைங்க தம்பி. அது ஓடற வேகமும் இந்த ஸ்டேண்டு ஆடற வேகமும் ஒண்ணா இருக்குதுங்க. அதான் சேந்து குதிக்குது."

பாலகோபாலுக்குத் தன்னுடைய இரும்புச் சட்டம் நினைவுக்கு வந்தது. தொலைநோக்கி நிற்கப்போகும் மலை உச்சியில் காற்று விட்டு விட்டு அடிக்கும். அவனோ அதை ஒரே சீராகத் தள்ளுவதாக வைத்துத்தான் சட்டத்துக்குக் கணக்குப் போட்டிருந்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மூன்று நாள் உட்கார்ந்து திரும்பப் போட்டான். பயந்தது சரிதான். காற்றோடு சேர்ந்து சட்டமும் ஆடும். நட்சத்திரம் ஒரு புள்ளியாக நிற்காது.

சொன்னால், அங்கே இருக்கும் யாராவது முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவன் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போய் பதினோரு பக்கம் ஃபேக்ஸ் அனுப்பினான். தவறு தன்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தான்.

நாலாம் நாள் அதே கடைக்குப் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். சட்டத்தை அடியோடு மாற்றப்போகிறார்களாம். பக்கத்திலேயே இருந்து செய்ய ஆள் வேண்டியிருப்பதால் வேறொருவரை எடுத்தாகிவிட்டது.

தாளோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து, "நல்ல சேதியா கண்ணு?" என்றாள் அம்மா.

"பெரிய தப்பு ஒண்ணு சரியாயிருச்சும்மா."

"அப்ப எப்பக் கெளம்பறே?"

"இனிப் போகவேண்டியதில்லை."

பங்காரம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. அப்பாவிடம் சொல்ல உள்ளே ஓடினாள். அவர் ஏதோ சத்தம் எழுப்பினார். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பாலகோபால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். எங்காவது போய்விடவேண்டும் போலிருந்தது. தொழிற்சாலையைத் தவிர அவனுக்குப் போக வேறு இடமில்லை.