வந்துட்டே இருக்காங்க

மழைக்காலம் முடிந்ததிலிருந்து எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மலை இருந்தது. மலை சைக்கிள் போட்டிக்குப் பேர் கொடுத்தால் பழகிப் பார்க்க மலையை வீட்டுக்கே அனுப்பி வைப்பார்கள். பேர் கொடுத்தது என் மனைவி கருணாம்பிகை. லாரியிலிருந்து மலையை இறக்கி வாங்கியது நான்.

மலையை வைத்துக்கொண்டு குடித்தனம் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. சோபாவை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். காலையில் சமையற்கட்டு வரை மூடுபனி வந்துவிடும். கடுகு எது மிளகு எது என்று தெரியாது. துவைத்த துணி காயாது. கூட்டினால் சரளைக்கல் சரளைக்கல்லாக வரும். அவிநாசியில் உள்ள சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து மலையைத் தட்டிப் பார்த்தார்கள். "நல்ல மலைங்க" என்றார்கள். ஒருவரும் விளக்குமாற்றைத் தொடவில்லை.

கருணா வங்கியில் வேலை பார்க்கிறாள். மாலையில் வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு மலையேறுவாள். டிவிக்கு மேலே ஒரு வளைவில் மறைந்து, சாப்பாட்டு மேஜைப் பக்கமாக இறங்குவாள். சில நாள் இறங்குவாள், சில நாள் விழுவாள். நான் கீழே நின்று எலுமிச்சம்பழத் தண்ணீரை நீட்டுவேன், அல்லது பஞ்சை நீட்டுவேன். சங்கிலிக்கு எண்ணெய் போடவும் பஞ்சர் ஒட்டவும் அப்போதுதான் பழகினேன். எனக்கு ஒரு சட்டை கொடுத்திருந்தார்கள். அதன் முதுகில் 'அர்த்தநாரி, உதவியாளர்' என்று எழுதியிருந்தது. ரேஷன் கடைக்கும் அதையே போட்டுக்கொண்டு போனேன். மற்ற சட்டைகள் காயவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் ஆட்கள் வந்து மலையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த மலையில்தான் போட்டியே.

மறுநாள் விடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மலை அதன் இடத்தில் நின்றிருந்தது. ஹாலில் பார்த்ததைவிடப் பெரிதாகத்தான் தெரிந்தது. மைக் பிடித்திருந்தவர் நஞ்சப்பன். போட்டியை நடத்துகிறவர் அவர்தான். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. திட்டுவதற்கு ஒரு சந்துகூடக் கிடைக்காது.

"உதவியாளருங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றார். "கெளம்பறப்ப பாத்தாக் கண்ணு பட்டுருமுங்க."

எங்களை வரிசையாக நிறுத்தித் திருப்பினார்கள். என் மூக்குக்கு நேரே ஒரு காப்பிச் செடி இருந்தது. விசில் கேட்டது. சரளையில் சக்கரங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பிக்கொள்ளலாம் என்றார்கள். திரும்பினோம். புழுதி மட்டும் தெரிந்தது.

கூடாரத்துக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். வாழைப்பழம், தயிர்சாதம், கடலை மிட்டாய், ட்யூப், பம்ப், பிரேக் கட்டை, பஞ்சு. பிறகு காத்திருந்தேன்.

மற்றவர்கள் வந்தார்கள். ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒருவர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒருவருடைய சைக்கிள் மட்டும் வந்தது, அதையும் ஒத்துக்கொண்டார்கள். அவரவர் உதவியாளர் அவரவரைத் துடைத்துக் காரில் ஏற்றிக் கூட்டிப் போனார்கள். கருணா வரவில்லை.

இந்தப் போட்டியில் கடைசி ஆள் வரும்வரை பொழுது சாயாது. சூரியன் சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே வந்து நின்றுகொண்டது. என் நிழல் ஒரே இடத்தில் கிடந்தது. போன் போட்டேன்.

"எங்க புள்ள இருக்கெ?"

"வந்துட்டே இருக்கறேனுங்க" என்றாள்.

இருபது வருஷமாக இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கல்யாண வீட்டில் முகூர்த்தம் முடியப்போகும், போன் போட்டால் வந்துட்டே இருக்கறேன் என்பாள். பின்னால் வங்கியில் முத்திரை குத்துகிற சத்தம் டப் டப் என்று கேட்கும். அவள் மட்டுமா? கொத்தனாரைக் கேட்டாலும், கேஸ் சிலிண்டர்காரரைக் கேட்டாலும் அதே பதில்தான். இந்த ஊரில் எல்லாரும் வந்துகொண்டே இருக்கிறார்கள். யாரும் வருவதில்லை.

நஞ்சப்பன் எப்படியோ அதைக் கேட்டுவிட்டார். மைக்கை எடுத்தார்.

"கருணாம்பிகை அம்மா, வந்துட்டே இருக்காங்க."

என் போனிலும் அதே குரல் கேட்டது. மலையில் பட்டு எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னங்க பண்ணிட்டீங்க?" என்றார் நஞ்சப்பன் என்னிடம் வருத்தமாக. "மைக்கில சொல்லியாச்சுங்க. இனி அவங்க வர முடியாதுங்களே."

"ஏன் வர முடியாது?"

"வந்துட்டே இருக்கறவங்க எப்படிங்க வருவாங்க? வந்துட்டா, வந்துட்டே இருக்க முடியாதுங்களே."

"சரி, மாத்திச் சொல்லுங்க."

"வந்துட்டாங்கன்னா சொல்லலாமுங்க. வந்துட்டாங்களா?"

"வரலை!"

"அப்பப் பொய் சொல்ல முடியாதுங்க" என்றார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். எனக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முட்டிக்கொள்ளச் சுவர் இல்லை, கூடாரம்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் பூவாத்தாள் என்கிற அம்மாள் வந்தார். கையில் ஒரு கோழி. அதற்குக் கண் சிவந்திருந்தது.

"உங்க வூட்டம்மா எப்பங்க வருவாங்க? கோளி அடைய மாட்டேங்குதுங்க. பொழுது எறங்குனாத்தான அடையும்."

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"உங்க சம்சாரந்தானுங்க?"

ஆமாம் என்றேன். மறுக்க முடியாது. சட்டையிலேயே எழுதியிருந்தது.

தோட்டத்தில் காப்பி பறிக்கிறவர்கள் வந்தார்கள். பொழுது சாயாததால் அவர்களால் வேலையை நிறுத்த முடியவில்லையாம். பறித்துக்கொண்டே வந்து பறித்துக்கொண்டே நின்றார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். யாரும் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுபடி போன் போட்டேன். வந்துட்டே இருக்கறேன் என்றாள். மறுபடி போட்டேன். பக்கத்துலதான் இருக்கறேன் என்றாள். பின்னால் கோழி கொக்கரிப்பது கேட்டது. மலை உச்சியில் ஏது கோழி என்று யோசிக்க எனக்கு அப்போது புத்தி இல்லை.

பக்கத்துக் கூடாரத்தில் ஈஸ்வரமூர்த்தி என்று ஒருவர் இருந்தார். போன போட்டிக்குத் தம்பியோடு வந்தவர். தம்பி முடித்துவிட்டு யாரோடோ காரில் போய்விட்டார், இவருக்குச் சொல்லவில்லை. "இந்தப் பக்கமாத்தான் வருவான்" என்று மலையைக் காட்டிக்கொண்டே நின்றவர் கைகாட்டி மரமாகிவிட்டார். கையில் வெள்ளைப் பெயின்ட் அடித்து ஊர்ப் பெயர் எழுதியிருந்தார்கள். மற்றபடி சௌக்கியம்.

அவரிடம் போய் நின்றேன். புலம்புவதற்கு வேறு ஆள் இல்லை.

"எல்லாம் செஞ்சேனுங்க" என்றேன். "எண்ணெய் போட்டேன். காத்து அடிச்சேன். வர மட்டும் மாட்டேங்கறா. வந்துட்டே இருக்கறேன்னே சொல்றா."

"அப்படீன்னா கெளம்பலைன்னு அர்த்தமுங்க" என்றது கைகாட்டி.

சொல்லிவிட்டுக் கிரீச்சென்று திரும்பியது. கை மலையைக் காட்டவில்லை. எங்கள் கூடாரத்துக்குப் பின்பக்கத்தைக் காட்டியது.

எனக்குச் சுருக்கென்றது. இது தெரியாத தமிழன் உண்டா? அந்த வார்த்தையைச் சொல்கிறவன் வீட்டில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். ஊருக்கே தெரிந்த விஷயம். நான் மலையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கூடாரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். கூப்பிடு தூரம்தான். ஆனால் நடக்க நடக்கக் கூடாரம் நீண்டுகொண்டே போனது. இரண்டு முறை உட்கார்ந்து எழுந்துதான் முடிக்க முடிந்தது. அந்தப் பக்கம் போட்டி புறப்படும் அலங்கார வளைவு இருந்தது. அதற்கு அடியில் கருணா நின்றிருந்தாள். ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். ஹெல்மெட் மாட்டியிருந்தாள். ஒரு கையில் போன். சக்கரத்தில் ஒரு தூசிகூட இல்லை.

"கெளம்பவே இல்லையா நீ?"

"கெளம்பிட்டே இருக்கறேனுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூடுபனியில் தாளித்ததைச் சொன்னேன். சோபாவைச் சொன்னேன். சரளைக்கல்லைச் சொன்னேன். ஊர்க் கோழிகள் என் பெயரைச் சொல்லிச் சாபம் விடுவதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். எனக்கு மூச்சு வாங்கியதும் பாட்டிலில் இருந்த தண்ணீரை நீட்டினாள். குடித்தேன்.

"பயமா புள்ள?" என்றேன்.

"ஆமாங்க."

இப்படி ஒரு நேரடிப் பதிலை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"விசில் ஊதுனாங்க. எல்லாரும் போனாங்க. நான் நிமுந்து மலையைப் பாத்தேன். காலு வரலீங்க" என்றாள். "ஹால்ல விழுந்தா நீங்க இருந்தீங்க. மேல போயி விழுந்தா யாருங்க இருக்கறாங்க?"

அதற்குள் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கூடாரம் நீளவில்லை. நஞ்சப்பன் நிலைமையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, ரொம்ப சுலபமுங்க" என்றார். "கெளம்பற வளைவும் முடியற வளைவும் ஒண்ணுதானுங்க. அம்மா சைக்கிளோட ஒரு எட்டுப் பின்னால வெச்சாங்கன்னா, கோட்டைத் தாண்டுன மாதிரிங்க. வந்துட்டாங்கன்னு மைக்கில சொல்லிடறேன். பொழுதும் எறங்கிரும். மெடலும் உண்டுங்க."

காப்பி பறிக்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பூவாத்தாள் கோழியை இறக்கிவிடத் தயாராக இருந்தார். ஒரே ஒரு எட்டு. என் கால் தானாகவே கார் நிற்கிற பக்கம் திரும்பிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சோபாவை இறக்கி, அதில் படுத்துவிடலாம்.

கருணா என்னைப் பார்த்தாள். "நீங்க என்னங்க சொல்றீங்க?"

வை என்று சொல்லியிருந்தால் வைத்திருப்பாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முழங்கால் கண்ணில் பட்டது. பழைய காயம், புதுக் காயம், நான் மருந்து போட்ட காயம், எனக்குத் தெரியாமல் அவளே போட்டுக்கொண்ட காயம். ஒரு எட்டுப் பின்னால் வைப்பதற்கா இவ்வளவும்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"போயிட்டு வா புள்ள" என்றேன்.

கூட்டம் கொதித்துப் போனது. எங்க பொழுது என்னங்க ஆகறது, என்றார்கள். நஞ்சப்பன், நல்ல மெடலுங்க, என்றார். கோளி சாமி, கோளி, என்று பூவாத்தாள் கத்தினார்.

"கோழி நின்னுட்டே தூங்கட்டும்!" என்று நான் கத்தினேன். "மெடலை நீங்களே போட்டுக்குங்க! அவ ஏறி எறங்குறப்ப எறங்கட்டும்! நான் இங்கதான் இருப்பேன்!"

கோழி பூவாத்தாளின் கைக்குள் தலையை இழுத்துக்கொண்டது. கருணா போனை என்னிடம் கொடுத்தாள். தரையில் இருந்த காலை எடுத்துப் பெடலில் வைத்தாள். சைக்கிள் நகர்ந்தது.

அதோடு சூரியனும் நகர்ந்தது. சாயவில்லை, பின்னால் போனது. உச்சியைத் தாண்டி, கிழக்கே இறங்கி, தோட்டத்து விளிம்பில் போய் உட்கார்ந்தது. புல்லில் பனி ஏறியது. பூவாத்தாளின் கோழி கொக்கரித்துவிட்டு மேயப் போனது. பறித்திருந்த காப்பியெல்லாம் செடியில் இருந்தது. மலையடிவாரத்திலிருந்து கார்கள் பின்பக்கமாகவே ஏறி வந்தன. முடித்துவிட்டுப் போனவர்கள் இறங்கி, முணுமுணுத்துக்கொண்டே காரின் மேலே கட்டியிருந்த சைக்கிள்களை அவிழ்த்தார்கள். போட்டி இப்போதுதான் தொடங்கியதாகக் கணக்கு, எல்லாரும் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். என்னை அவர்கள் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது.

நஞ்சப்பன் மைக்கை வாயருகே கொண்டுபோய், கொஞ்சம் யோசித்தார்.

"கருணாம்பிகை அம்மா கெளம்பிட்டாங்க" என்றார். பிறகு மைக்கை மூடிக்கொண்டு என்னிடம், "அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. கண்ணு பட்டுருமுங்க" என்றார்.

நான் திரும்பவில்லை. பட்டால் படட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. சரளையில் சக்கரம் ஒரு முறை வழுக்கியது, நிமிர்ந்தாள். முதல் வளைவில் திரும்பும்போது ஒரு கையை எடுத்து என்னைப் பார்த்து ஆட்டினாள். கையை எடுக்காதே என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டினாள். விழவில்லை.