தகடு எடுத்த கழுத்துப்பட்டை

இராஜாங்கத்தின் கழுத்து ஒடியவில்லை. ஒடிந்ததாக ஒரு சர்டிபிகேட் மட்டும் இருந்தது. குத்தகைப் பதிவில் பெயர் ஏறிவிட்ட தைரியத்தில் நிலத்தை விட மறுத்த கண்ணுசாமி, தை அறுப்பின்போது களத்தில் வைத்து மண்வெட்டிக் காம்பால் அவர் பின்கழுத்தில் போட்டான் என்பது வழக்கு. கண்ணுசாமி உள்ளே போனால் ஆறு மா நிலம் திரும்பி வரும். ஆகவே விசாரணை முடியும்வரை, தஞ்சாவூரில் வாங்கிய பிளாஸ்டிக் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நீடாமங்கலம் கடைத்தெருவில் பவனி வந்தார்.

மாசி முழுக்கத் தியாகிக்குரிய மரியாதை. ஆளும் கட்சியில் சேர்ந்து பதினெட்டு மாதமே ஆன மனிதருக்கு, முப்பது வருடக் கட்சிக்காரர்கள் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். பங்குனி வெயில் வந்தது. வியர்வை பட்டைக்குள் இறங்கி ஊறியது. தாடைக்கு அடியில் தோல் சிவந்தது, காறை எலும்பின்மேல் உரிந்தது. மேலே கொட்டிய பவுடர் பசையானது. தியாகம் நாறத் தொடங்கியது.

சர்டிபிகேட் கொடுத்த டாக்டர், எலும்பு வார்டில் இருபது வருடம் புண் துடைத்துப் பழகிய ஆயா அம்சத்தைக் கைகாட்டிவிட்டு நழுவினார். அம்சம் பட்டையைக் கழற்றிப் பார்த்தாள்.

"வலிக்கிற கழுத்து அசையாதுங்க ஐயா, தோலும் இம்புட்டு உரியாது. ஐயா கழுத்து ரொம்ப அசைஞ்சிருக்கு."

இராஜாங்கத்துக்குச் சட்டென்று காது கேட்கவில்லை.

துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டியைக் கிழித்து அம்சம் இரண்டு உறை தைத்தாள். பட்டையின் விளிம்பு தோலைத் தொடாதபடி துணியை வெளியே மடித்தாள். இரண்டு விரல் நுழைய இடம் விட்டு வாரை மாட்டினாள். பவுடர் கூடாது, தினம் உறையை மாற்றணும், ஈரம் காயாமல் மாட்டக்கூடாது என்றெல்லாம் சொன்னாள். அவருக்கு அதுவும் போதவில்லை. தாடையைத் தாங்கும் தகட்டையே எடுத்துவிடச் சொன்னார்.

"தகட்ட எடுத்தா கழுத்து குனியுங்க."

"யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா? இந்தக் கழுத்து யாருக்குக் குனிஞ்சிருக்கு?"

அம்சம் தகட்டை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

மறுவாரம் அமைச்சர் புது மதகு திறக்க வந்தார். வன்முறைக்குக் கழுத்தைக் கொடுத்த தியாகி என்று மேடையில் அழைத்தார்கள். அமைச்சர் பொன்னாடையைத் தூக்கினார். அமைச்சர் குள்ளம், இராஜாங்கம் ஆறடி. பண்ணையாட்களின் கும்பிட்டுக்கு இம்மியும் அசையாத கழுத்து, பழைய கட்சிக் காலத்திலிருந்தே பழகிய பழக்கத்தில், முற்றிய சம்பாக் கதிர்போல மடிந்தது. மடிந்ததோடு நில்லாமல் காலையும் தொட்டது. மெத்தென்றிருந்த பட்டை எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை. எங்கும் உறுத்தாததால் அது கழுத்தில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. இராஜாங்கம் பத்துப் பிரதி வாங்கி, ஒன்றைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். கண்ணுசாமியின் வக்கீல் ஜெக்கரியா ஒரே ஒரு பிரதி வாங்கினார்.

கழுத்தை ஒரு விரற்கடைகூடக் குனிய முடியாது என்று இராஜாங்கம் கூண்டில் நின்று சாட்சி சொல்லி முடித்ததும், ஜெக்கரியா அந்தப் படத்தை நீட்டினார். "இது யாரு கழுத்துங்க?"

இல்லை என்றால் அமைச்சரின் பொன்னாடை போகும். ஆமாம் என்றால் ஆறு மா போகும். இராஜாங்கம் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"என்னுதுதான்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

வழக்கு தள்ளுபடியான மறுநாள் அம்சம் வீட்டுக்கே வந்தாள். பேராவூரணியில் தென்னையிலிருந்து விழுந்த ஒருவரை வார்டில் போட்டிருக்கிறார்களாம், பட்டை வேண்டுமாம். இராஜாங்கம் மூலையில் கிடந்ததைக் காட்டினார்.

"தகடும் வேணுங்க. அவருக்கு நெசமாவே ஒடஞ்சிருக்கு."

அந்தத் தகட்டால் அவர் அப்போது முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே நீட்டினார். அம்சம் நின்ற இடத்தில் நின்றாள். கடைசியில் அவரேதான் எழுந்து போய்க் கொடுத்தார்.

"கழுவிக்கிறேங்க" என்றாள்.