கழுவாத வீடு

பெட்டி இன்னும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதற்குள் ரதி குளியலறையில் வாளிகளை நிரப்பத் தொடங்கிவிட்டாள். குழாய்ச் சத்தம் ஞானம்பிகைக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது.

"ரதி, அந்தப் பைப்பைப் பூட்டு."

"மச்சாள், பெட்டி வாசலைத் தாண்டின கையோடை வீடு கழுவோணும். பிறகு தண்ணிக்கு ஓடித் திரியேலாது."

"முதல்லை தாண்டட்டும்."

ரதி, ஞானம்பிகையின் புருசன் குணரத்தினத்தின் தங்கை. இத்தாலியின் இந்தப் பலேர்மோ ஊரில் எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவள். முறைகள் அத்தனையும் அவளுக்கு விரல் நுனியில். இன்று செத்தது கூடப்பிறந்த அண்ணன். அழுகை ஒரு கண்ணில், அதிகாரம் மறு கண்ணில் என்று வீடு முழுக்கச் சுழன்றுகொண்டிருந்தாள்.

குணரத்தினம் கூடத்தின் நடுவில் நெற்றி நிறையத் திருநீற்றோடு படுத்திருந்தார். மனிதன் இவ்வளவு நேரம் சும்மா படுத்திருந்து ஞானம்பிகை பார்த்ததே இல்லை. முந்தாநாள் ஊரின் பிரான்காச்சோப் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைத் தடவியபடி ஒரு படியில் உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்கு முன்பே அவருடைய சிவப்பு வாளியும் மொப் தடியும் வீடு வந்து சேர்ந்துவிட்டன. யாரோ புண்ணியவான் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த வாளியை மட்டும் ஞானம்பிகை ரதியைத் தொட விடவில்லை.

குணரத்தினத்தின் தம்பி மகன் விதுரன் வேட்டி கட்டிக்கொண்டு கிரியை செய்து முடித்துவிட்டான். செய்ய வேண்டியவன் கடலில் நின்றான்.

யசிந்தன், ஒரே மகன். நாப்போலிக்கும் பலேர்மோவுக்கும் ஓடுகிற கப்பலில் சமையலறை வேலை. விடியவே வந்திருக்க வேண்டிய கப்பல், காற்றுக்குப் பயந்து துறைமுகத்துக்கு வெளியே நின்று ஆடிக்கொண்டிருந்தது. "ஊர் தெரியுது அம்மா. எங்கடை மலை தெரியுது. உள்ளுக்கை விடமாட்டம் எண்டுறாங்கள்," என்று காலையில் போனில் கத்தினான். அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை.

வேடிக்கையைக் கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் இந்த ஊர்க் கரையில் இறங்குகிற பிள்ளை, நடந்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடக்கூடிய இந்த அல்பெர்கேரியா வீட்டுக்கு மூன்று வருடமாய் வந்ததில்லை. அந்த வயதில் யாருக்கும் வாய் நிற்பதில்லை. "உங்களைப் போல மற்றவையின்ரை படியைக் கழுவிக் கழுவிச் சாக எனக்கு ஏலாது," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டான். குணரத்தினம் வாசலைக் காட்டி, "அப்ப போ. என்ரை செத்தவீட்டுக்கும் வராதை," என்றார். இரண்டும் ஒரே அச்சு. போனவன் வரவில்லை. இவரும் கூப்பிடவில்லை.

ஞானம்பிகை துறைமுக வாசலில் மகனைக் களவாகப் பார்த்து, சாப்பாட்டுப் பார்சல் கொடுத்து வருவாள். களவு என்று அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கப்பல் வருகிற நாள்களில் மட்டும் குணரத்தினம் குசினி வாசலில் வந்து நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "புட்டைக் கொஞ்சம் கூட அவியன்," என்பார். அவ்வளவுதான் கதை.

இப்போது அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பயம். பிள்ளை வருவதற்குள் பெட்டி போய்விட்டால், கோபத்தில் சொன்ன அந்தச் சொல் பலித்துவிடும். பலித்த சொல்லை யார் திருப்பி எடுப்பது?

கீழ்வீட்டு நுன்சியா விடியற்காலையிலேயே வந்து, நிலைக்கண்ணாடிக்குக் கறுப்புத் துணி போட்டு, பால்கனிக் கதவையும் அகலத் திறந்து வைத்திருந்தாள். போகிறவருக்கு வழி விட வேண்டுமாம். ரதிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இத்தாலிக்காரியும் யாழ்ப்பாணத்துக்காரியும் சேர்ந்து என்ரை மனிசனைத் துரத்துகினமே என்று ஞானம்பிகைக்கு நெஞ்சு எரிந்தது.

அந்த நுன்சியாதான் இப்போது றோசமலரின் கையைப் பிடித்து ஏதோ அவசரமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற றோசமலர் வேதக்காரி. மாதா, அந்தோனியார் சங்கதிகளில் இருவரும் ஒன்று.

"அக்கா," என்று றோசமலர் வந்து குனிந்தாள். "முந்தின காலத்திலை இஞ்சை தண்டனையாய்த் தலை வெட்டுப்பட்ட ஆக்களின்ரை ஆத்துமங்கள் இருக்காம். உத்தரிக்கிற ஆத்துமங்கள். மோட்சத்துக்கும் போகாமல், நரகத்துக்கும் போகாமல் இடையிலை அலையுதுகள். வழிப்பயணம் போறவையை அதுகள்தான் காக்கிறதாம். தம்பி நேரத்துக்கு வருவானோ எண்டு நுன்சியா அதுகளைக் கேட்டுப் பாக்கப் போறாவாம்."

"தலையில்லாததுகள் என்னெண்டு பதில் சொல்லுறது?"

"வாயாலை இல்லை அக்கா. செபம் சொல்லிப்போட்டுத் தெருவைக் கேட்டுக்கொண்டு இருக்கோணும். நாய் குலைச்சால், மணி அடிச்சால், ஆரும் பாடினால் நல்லது. வருவான். பூனை கத்தினால் கூடாது. தண்ணி ஊத்துற சத்தம் கேட்டால்..." றோசமலர் நிறுத்திக்கொண்டாள்.

நல்லூர் முருகனைக் கேட்டாயிற்று. துறைமுகத்துக்குப் போன் அடித்துக் கேட்டாயிற்று. தலையில்லாதவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்? "கேக்கச் சொல்லு," என்றாள் ஞானம்பிகை.

நுன்சியா கதிரையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பால்கனிக்கு நேர் கீழே ஒழுங்கையில் போட்டு, செபமாலையோடு உட்கார்ந்தாள். மேலே ஞானம்பிகையும் புருசனின் தலைமாட்டிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டாள். மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. காற்று கொடிக்கம்பிகளை ஆட்டியது. பல்லாரோச் சந்தையிலிருந்து மீன்காரனின் குரல் இழுத்து இழுத்து வந்தது. மீன்காரன் கூவுவது பாட்டுக் கணக்கில் சேருமா? சேர்த்தால்தான் என்ன, அவனும் ராகமாய்த்தானே கத்துகிறான். அட நாய்களே, மற்ற நாளெல்லாம் நித்திரை கொள்ள விடமாட்டீர்கள், இன்றைக்கு என்ன வந்தது உங்களுக்கு?

பெட்டிக்காரர்களின் தலைவன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தான். "சிஞ்ஞோரா, இனி மூட வேண்டும். எரிக்கிற இடத்தில் குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் பெட்டி எத்தனை நாள் அங்கே கிடக்குமோ, எனக்குத் தெரியாது. மூடினால் பிறகு திறக்கவும் மாட்டார்கள்."

"கொஞ்சம். இன்னும் கொஞ்சம். என் மகன்," என்றாள் ஞானம்பிகை, தனக்குத் தெரிந்த இத்தாலியனில்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரதி, கிரியைச் சாமான்களை அலசிய மஞ்சள் தண்ணீரைச் சட்டியோடு கொண்டுபோய், பால்கனியால் விசுக்கினாள்.

சளார் என்று சத்தம் கேட்டது.

"ஐயோ ரதியக்கா!" என்று றோசமலர் வாயைப் பொத்தினாள்.

"என்ன, என்ன? கால் மிதிபடாத ஒழுங்கை ஓரத்திலைதானே ஊத்தினனான்?" ரதி பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

நுன்சியா படியேறி வந்தாள். கறுப்புக் காலுறையில் மஞ்சள் புள்ளிகள். ஞானம்பிகையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நாய் ஒன்றும் குலைக்கவில்லை ஞானா," என்றாள். தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை. பொய் சொல்லத் தெரியாத முகம் அது.

ஞானம்பிகை மீண்டும் போனை எடுத்தாள். லைன் இல்லை. பெட்டிக்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டியவளே பிறகு பெட்டியில் விழுந்து, "மூடாதேங்கோ, என்ரை பிள்ளை பாக்கேல்லை, என்ரை பிள்ளை முகம் பாக்கேல்லை," என்று குளறினாள். நாலு பேர் பிடித்துத் தூக்கவேண்டி இருந்தது.

ஆண்கள் பெட்டியைச் சுமந்துகொண்டு ஒடுங்கிய படிகளில் சாய்த்துச் சாய்த்து இறங்கினார்கள். சனிக்கிழமைகளில் குணரத்தினம் காசு வாங்காமல் துடைத்த படிகள் அவை. பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். வண்டிக் கதவு அடிபட்டுச் சாத்திய சத்தம் மேலே வரை கேட்டது.

ரதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தாள். ஞானம்பிகை வாளியின் கைபிடியைப் பிடித்தாள்.

"ஊத்தாதை."

"விடுங்கோ மச்சாள். கழுவாட்டி அண்ணை போகமாட்டார். வாசலிலை நிண்டு உத்தரிப்பார்."

"நிக்கட்டும்."

"என்ன கதை கதைக்கிறியள்? ஆரும் குளிக்கேலாது, அடுப்பு மூட்டேலாது, சின்னதுகள் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் கிடக்குதுகள்..."

"கீழை கூட்டிக்கொண்டு போய்க் குடுங்கோ. நுன்சியா தருவா. மோன் வருமட்டும் இந்த வீட்டிலை ஒரு சொட்டுத் தண்ணி விழக்கூடாது. சொல்லிப்போட்டன்."

முப்பது வருடத்தில் மச்சாள் அந்தக் குரலில் பேசி ரதி கேட்டதில்லை. வாளியை வைத்துவிட்டு மூலையில் போய் இருந்து அழுதாள்.

பகல் திரும்பியது. பூவிதழ்களும் அரிசியும் சாம்பலும் தரையில் கிடந்தபடி கிடந்தன. திறந்த பால்கனிக் கதவு காற்றில் டமார் டமார் என்று அடித்தது. பெட்டி வைத்த இடத்துக்கு நேரே தொங்கிய விளக்கு ஆடியது. ரதி விளக்கைக் காட்டினாள். "பாருங்கோ மச்சாள், அமைதியில்லாமல் திரியிறார்."

ஞானம்பிகைக்கு அது ஆறுதலாய் இருந்தது. பெட்டி இருந்த வெறுந்தரையைப் பார்த்து, வழக்கமாய் அவரை அதட்டுகிற குரலிலேயே பேசினாள். "இஞ்சாருங்கோ, அவசரப்படாதேங்கோ. வாய் தவறிச் சொன்னது நீங்கள்தானே? நிண்டு அவனைப் பாத்திட்டுப் போங்கோ."

எரித்து முடிந்தது என்று விதுரன் போன் பண்ணினான். அதற்கும் பிறகு, சந்தைக்காரர்கள் தட்டிகளை மடிக்கிற நேரத்தில், படியில் காலடி கேட்டது. இரண்டு இரண்டு படியாய் ஏறுகிற காலடி. மேலே வர வர மெதுவாகி, வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது.

கப்பல் சமையலறை உடுப்போடு, தலை கலைந்து, யசிந்தன் நின்றான். வாசற்படியில் கால் வைக்கவில்லை. இதே வாசலைத்தான் அன்று அப்பா கை காட்டினார்.

"முடிஞ்சுதோ அம்மா?"

"உள்ளை வா."

"அவர் வரவேண்டாம் எண்டவர்."

"அவர் இன்னும் போகேல்லை," என்றாள் ஞானம்பிகை. "பார், வீடு கழுவேல்லை. உனக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கிறன். உள்ளை வந்து கதை."

அவன் தரையைப் பார்த்தான். அரிசியைப் பார்த்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

ஞானம்பிகை ரதியின் தோளைத் தட்டி எழுப்பினாள். பெண்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு ஞானம்பிகை மேல் படியில் குந்தினாள். நுன்சியா ஏற்கனவே கீழே போய், செபமாலையோடு ஒழுங்கைக் கதிரையில் இருந்தாள். யாருக்காக வேண்டினாளோ.

கொஞ்ச நேரத்தில் உள்ளே பால்கனிக் கதவு அடிப்பது நின்றுவிட்டது. காற்றுத்தான் விழுந்ததோ, அவன்தான் போய்ச் சாத்தினானோ. ஒரு முறை "அப்பா" என்று கேட்டது போல இருந்தது. ரதி எழும்பப் பார்த்தாள். ஞானம்பிகை அவள் சேலையைப் பிடித்து இருத்தினாள்.

பிறகு குழாய் திறக்கிற சத்தம். வாளி நிறைகிற சத்தம். அடுத்து மொப் தரையில் இழுபடுவது கேட்டது: சுவரோரம் ஒரு நீள இழுவை, திருப்பி ஒரு சின்ன இழுவை, ஒரு தட்டு. தட்டைக் கேட்டதும் ஞானம்பிகை வாயைச் சேலைத் தலைப்பால் அடைத்துக்கொண்டாள். எத்தனை சனிக்கிழமை கேட்ட சத்தம். இவன் எங்கே நின்று இதைப் பார்த்துப் படித்தான்?

கதவு திறந்தது. சிவப்பு வாளியோடு யசிந்தன் வெளியே வந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொஞ்சம் காலைத் தூக்குங்கோ அம்மா," என்று மட்டும் சொன்னான். மேல் படியில் தொடங்கி, ஒவ்வொரு படியாய்த் துடைத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினான், ஒரு மாடி, அடுத்த மாடி, தெருக்கதவு வரைக்கும்.

மிச்சத் தண்ணீரை அவன் ஒழுங்கையில் ஊற்றியபோது சளார் என்று கேட்டது.

நுன்சியா செபமாலையை நிறுத்தவில்லை. காலை மட்டும் கதிரையின் குறுக்குச் சட்டத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு வழி விட்டாள்.